வார்த் தோட்டாத் துப்பாக்கியும் அதனைப் பேணுவோரும்

இராயபுரத்துத் தெருக்களில் ஒருவன் எவர்க்கும் பிடிகொடாது சூழ்ச்சித் திறம் காட்டுவானாயின், "அவன் பெரிய எம்டன்" என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இச்சொல் தமிழ்ச் சொல்லன்று. ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் தொட்டிகளைச் சுட்டெரித்து, ஏறத்தாழ அரைமணிப் பொழுதில் இருளில் மறைந்தது. அது வீசிய குண்டுகள் 120-க்கு மேற்பட்டவை. உயர்நீதிமன்றத்து மதிலிற் பதித்த நினைவுக் கல்லும், கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்துள்ள குண்டின் துண்டும் அவ்விரவிற்குச் சான்றாய் உள்ளன. இவ்வளவும் நம் பகுதியிற் பலர் அறிந்ததே.

ஆயின் அக்கப்பலில் பெரும் பீரங்கிகளேயன்றி, துணிவாரிற் கோத்த தோட்டாக்களை உண்டு இடையறாது சுடும் சிறிய இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. அவற்றுள் நான்கின் வரலாறு அவ்வளவாகப் பரவவில்லை. சென்னையைச் சுட்ட ஏழு வாரத்திற்குப்பின், நவம்பர் 9-ஆம் நாள், கொக்கோஸ் தீவுக் கூட்டத்திலுள்ள டைரக்‌ஷன் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கும்பொருட்டு, ஹெல்முத் ஃபான் மூக்கே என்னும் அதிகாரி ஏறத்தாழ 50 வீரரோடும் நான்கு மாக்சிம் துப்பாக்கிகளோடும் கரையிறங்கினார். அவர் கரையில் நிற்கும்போதே, சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் வந்து எம்டனைத் தாக்கி அழித்துவிட்டது. மூக்கே மனந்தளர்ந்தாரல்லர். அத்தீவில் நின்ற அயெஷா என்னும் பழம் பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி, துப்பாக்கிகளையும் ஏற்றிக்கொண்டு சுமத்திராத் தீவின் பாடாங் துறைக்குச் சென்றார். பின்னர் வேறொரு நீராவிக் கப்பலில் ஏறி, 1915-ஆம் ஆண்டு ஜனவரியில் அரேபியாவின் ஹொதைதாக் கரையை அடைந்தார். அதன்மேல் படகிலும் ஒட்டகத்திலும் சென்றனர். ஏப்ரல் தொடக்கத்தில் ஜெத்தாவுக்கு அணித்தே பாலைவனத்து அரபியர் அவர்களை வளைத்துக்கொள்ள, மூன்று நாள் மணலிற் பள்ளம் தோண்டிக் கிடந்து பொருதனர். மே மாதத்திற் கான்ஸ்டான்டிநோபிள் நகர் சேர்ந்தனர்.

இவ்வரலாற்றைப் படிக்குங்கால் வீரத்தினும் வேறொன்றே எம் கருத்தைக் கவர்ந்தது. எம் இல்லம் கடற்கரைக்கு அண்மையிலுள்ளது. எம் பாட்டியாரின் தையற்பொறி ஒரு மழைக்காலத்திற்கு மூடியிட்டு வைக்கப்பட்டால், தை பிறக்கும்போது துருவேறிச் சக்கரம் சுழல மறுக்கும். உப்புக்காற்று அத்தகையது. அங்ஙனமாக, பாய்க்கப்பலின் மேல்தளத்து ஈரத்திலும் பாலை மணலிலும் ஐந்து மாதம் அலைந்த நுண்ணிய எஃகுப் பொறிகள் ஜெத்தாவின் அருகே சுட்டன என்றால், நாள்தோறும் அவற்றைத் துடைத்தவர் யாரோ இருந்திருத்தல் வேண்டும். அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. நூறாண்டு கடந்தபின் இன்றும் இவ்வகைத் துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி, துடைத்து, எண்ணெயிட்டு, பொழுதுபோக்காகப் பேணும் மக்கள் வெளிநாடுகளில் உளர். அவர் பேணும் பொருள் யாது, பேணும் முறை யாது என்பனவற்றை ஒருவாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொறியை ஆக்கியவர் ஹைரம் மாக்சிம் என்பார். 1840-இல் அமெரிக்காவின் மெயின் மாகாணத்திற் பிறந்து, இலண்டனிற் குடியேறி, ஹாட்டன் கார்டன் தெருவிற் பட்டறை வைத்து, 1884-ஆம் ஆண்டளவில் இதனைச் செய்து காட்டினார். இவர்க்கு முன்னும் விரைந்து சுடும் பொறிகள் இருந்தன. எனினும் ஒருவன் நின்று கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தாலன்றி அவை சுடமாட்டா. துப்பாக்கி வெடிக்கும்போது சுடுபவன் தோளைப் பின்னே உதைக்கின்றது என்பது யாவரும் அறிந்தது. வீணே கழியும் அவ்வுதைப்பைப் பிடித்து வேலை வாங்கினார் மாக்சிம். அவர் கண்ட புதுமை முழுவதும் இவ்வொரு வரியில் அடங்கும்.

தோட்டா வெடித்தவுடன் குழலும், அதன் பின்வாயை அடைத்து நிற்கும் பூட்டும் ஒன்றுபட்டுச் சிறிது பின்னோக்கி நகரும். அந்நகர்ச்சியில், நிமிர்ந்து நின்ற முழங்கால் மடங்குவதுபோல இணைப்பொன்று மடங்கும். மடங்கவே பூட்டு குழலை விட்டுத் தனியே பின்செல்லும். அங்ஙனம் செல்லும்போது ஒரே பிடியால் இரு பொருள்களை இழுத்துச் செல்லும். ஒன்று குழலிற் சூடேறிக் கிடக்கும் வெற்றுக்கூடு. மற்றொன்று வாரில் தன் முறைக்குக் காத்திருக்கும் புதுத் தோட்டா. பின்னர்ப் பூட்டின் முகப்பிலுள்ள அப்பிடி கீழிறங்க, புதியது குழல்வாய்க்கு நேராகவும் பழையது வெளியேறும் வழிக்கு நேராகவும் நிற்கும். இதற்குள் இடப்பக்கத்துப் பெட்டியில் இழுபட்டிருந்த சுருள்வில் தன்னிலைக்கு மீளும், பூட்டு முன்சென்று மூடும், மீண்டும் வெடிக்கும். தையற்பொறியில் ஒவ்வொரு குத்திற்கும் துணி ஒரு சிறிது நகர்வதுபோல, ஒவ்வொரு வெடிக்கும் வாரும் ஒரு கண் நகர்ந்து கொடுக்கும். இரு கைப்பிடிகளுக்கும் நடுவேயுள்ள விசையைக் கட்டைவிரல் அழுத்தியிருக்கும் மட்டும் இது நில்லாது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 முறை. 250 தோட்டாக்கள் கொண்ட ஒரு வார் இருபத்தைந்து நொடியில் ஒழிந்துபோம். நிதானமாக எண்ணுபவன் அதற்குள் முப்பதும் எண்ணமாட்டான்.

இவ்வளவு விரைவிற் சுட்டால் குழல் பழுக்கக் காயுமன்றோ? அதனால் குழலைச் சுற்றிப் பித்தளையாலோ எஃகாலோ ஓர் உறை அமைத்து, அதில் நான்கு லிட்டர் அளவு தண்ணீர் நிரப்புவர். இடைவிடாது மூன்று நிமிடம் சுட்டால் அந்நீர் கொதிக்கத் தொடங்கும். 1912-இல் ஆங்கிலப் படையார் மேற்கொண்ட விக்கர்ஸ் துப்பாக்கி, மாக்சிமின் இளைய உடன்பிறப்பு எனத்தக்கது. அது கொதித்து எழுப்பும் ஆவியை ஒரு குழாய் வழியே தகரப் பெட்டிக்குக் கொண்டுசென்று மீண்டும் தண்ணீராக்குவர். ஆவி வெளிப்பட்டால் பகைவர்க்கு இடம் தெரிந்துவிடும், தண்ணீரும் வீணாகும். படைவீரர் அந்நீரிலே தேநீர் காய்ச்சினர் என்றொரு கதை உண்டு. அதில் எண்ணெய் நாற்றம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதைக் கதை சொல்வோர் சொல்வதில்லை. ஜெத்தாவின் அருகே குடிநீர் அரிதாய்க் கிடந்த அம்மூன்று நாளில், தாமும் குடித்துத் துப்பாக்கிக்கும் ஊற்ற வேண்டியிருந்த மூக்கேயின் வீரர் நிலை எண்ணத்தக்கது.

இனிப் பேணும் முறை. சுடுவதில் ஒரு மணி கழித்தோன் துடைப்பதில் ஒரு மாலையைக் கழித்தல் வேண்டும். முதற்பகை உப்பு, அஃது எங்கள் கடற்கரையில் மட்டும் இருப்பதன்று, தோட்டாவினுள்ளேயே இருக்கின்றது. பழைய தோட்டாக்களின் அடியில் இட்ட தீமூட்டு மருந்திற் பொட்டாசியம் குளோரேட்டு உண்டு. அது வெடித்தபின் குழலின் உட்புறத்தில் உப்பாகப் படியும். அவ்வுப்புக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்க, ஓரிரவிலே துரு தொடங்கும். அறியாதார் உடனே எண்ணெயைப் பூசுவர். எண்ணெயில் உப்புக் கரையாது. துரு எண்ணெயின் கீழ் மறைந்து வளரும். ஆதலின் அறிந்தோர் கொதிநீரை முதலிற் குழலில் ஊற்றி உப்பைக் கரைத்து, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் தடவுவர். படைவீரர்க்கு அக்காலத்திற் கற்பித்த முறையும் இதுவே. எம் பாட்டியார் மீனரிந்த அரிவாள்மணையை வெந்நீரில் அலம்பித் துடைத்து நிழலில் உலர்த்தி வைப்பதும் இக்காரணம் பற்றியே என்று இப்போது அறிந்துகொண்டோம்.

அடுத்தது வார். இது தடித்த பருத்தித் துணி. இடையிடையே பித்தளைத் தகடு பொருத்தித் தோட்டாவிற்கு ஒவ்வொரு கண் விட்டிருப்பர். ஈரம் பட்டால் துணி இறுகித் தோட்டாவை விடாது பற்றும், பூட்டு இழுத்தும் வராது, துப்பாக்கி நின்றுவிடும். நெடுநாள் கிடந்த வாரிற் பூஞ்சை பிடித்து இழை இற்றுப்போம். ஆதலின் பழந்துப்பாக்கி வைத்திருப்போர் வாருக்கென்றே உலர்ந்த பெட்டிகள் வைத்திருப்பர். தோட்டாக்களை வாரிற் புகுத்தக் கையாற் சுழற்றும் சிறு பொறி ஒன்று உண்டு. அதுவும் பழையதே கிடைத்தல் வேண்டும் என்று தேடித் திரிவோர் பலர்.

தண்ணீர் உறையின் முன்னும் பின்னும் குழல் நுழையும் இடங்களில் நீர் கசியாதபடி எண்ணெயில் தோய்த்த கல்நார்க் கயிற்றைச் சுற்றுவது பழைய வழக்கு. கல்நாரின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெளிந்தபின், காரீயகம் ஏற்றிய வேறு கயிற்றை இக்காலத்தார் சுற்றுகின்றனர். இறுக்கிச் சுற்றினால் குழல் நகராது. தளர்த்திச் சுற்றினால் நீர் ஒழுகும். சுருள்வில்லின் இழுப்பையும் அளந்தே வைத்தல் வேண்டும். விக்கர்ஸ் துப்பாக்கிக்கு அது 7 முதல் 9 பவுண்டு. அளக்கும் கருவி வேறொன்றுமன்று, காசிமேட்டில் மீன் நிறுக்கின்றார்களே, அத்தகைய கொக்கித் தராசுதான். குழலுக்கும் பூட்டுக்கும் இடையே நிற்கவேண்டிய இடைவெளியோ இன்னும் நுண்ணியது. தாளினும் மெல்லிய தகட்டு வளையங்களைச் சேர்த்தும் நீக்கியும் அதனைச் சரிசெய்வர். அவ்விடைவெளி மிகுந்தால் தோட்டாக்கூடு பின்புறம் கிழிந்துபோம். ஆதலின் ஒரு துப்பாக்கியின் பூட்டை அளந்து பாராது மற்றொன்றில் மாட்டுதல் கூடாது.

எம்மை மிகவும் மகிழ்வித்தது நோய்க்குறி காணும் முறையே. சுட்டுக்கொண்டிருக்கும் துப்பாக்கி இடையில் நின்றுவிட்டால், வலப்பக்கத்துக் கைப்பிடி எந்நிலையில் நிற்கின்றது என்று பார்ப்பர். நிற்கத்தக்க நிலைகள் நான்கு. ஒரு நிலை வில்லின் தளர்ச்சியை உணர்த்தும். ஒன்று கிழிந்த கூட்டை. ஒன்று வாரின் இறுக்கத்தை. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர்போலக் கைப்பிடியைப் பார்த்த அளவில் காரணம் கண்டு, இருளிலும் கைதடவிப் பழுது நீக்க வீரரைப் பழக்கினர்.

இவற்றையெல்லாம் யாம் ஏட்டிற் படித்து எம் பாட்டனார்க்கு உரைத்தோம். அவர் திருவொற்றியூரிற் பல ஆண்டு கடைசல் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் பழைய புல்லட் வண்டியின் முன் அமர்ந்துவிடுவார். அவர் நகைத்து, "என் வண்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா, தம்பி?" என்றார். யாம் அறியோம். இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்னும் ஊரில் அரசினர் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று 1988 வரை இருந்தது. அதற்கு நுண்ணிய உறுப்புக்களைச் செய்துகொடுத்த ஒரு கம்பெனியார் 1890-களில் தாம் செய்த சைக்கிளுக்கு அவ்வூர்ப் பெயரையே இட்டு, துப்பாக்கியைப்போற் செய்யப்பட்டது என்று விளம்பரமும் செய்தனர். பீரங்கியைச் சின்னமாகக் கொண்டனர். அவர் வழிவந்த மோட்டார் வண்டியே 1955 முதல் திருவொற்றியூரில் ஆக்கப்பட்டது. அந்த என்ஃபீல்டு தொழிற்சாலையில் மாக்சிம் துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. நம் வடசென்னைத் தெருக்களில் இடிபோல் முழங்கிச் செல்லும் வண்டிக்கும் யாம் கூறிவரும் துப்பாக்கிக்கும் இங்ஙனம் ஓர் உறவு இருப்பதை அறிந்து வியந்தோம். பழைய புல்லட்டை வைத்திருப்போரைப் பார்த்தவர், பழந்துப்பாக்கி வைத்திருப்போரின் மனநிலையை எளிதில் அறிவர். உறுப்புக் கிடையாத பொருளுக்கு உறுப்புத் தேடுவதும், கிடையாவிடிற் கடைந்து கொள்வதும், ஒலியைக் கேட்டே குறை சொல்வதும் இருவர்க்கும் பொது.

ஆயினும் வண்டி வேறு, துப்பாக்கி வேறு. இதனை மறைத்துப் பேசுதல் எமக்கு உடன்பாடன்று. 1898-இல் சூடானின் ஒம்துர்மான் வெளியில் ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 பேரை வீழ்த்திய கருவிகளுள் மாக்சிமும் ஒன்று. நமக்கு அணிமையான நிகழ்ச்சியும் உண்டு. 1904-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள், இந்தியாவிலிருந்து திபெத்துக்குள் அனுப்பப்பட்ட படை, குரு என்னும் இடத்தில் திரியிட்டுச் சுடும் பழந்துப்பாக்கியும் வாளும் ஏந்திய திபெத்தியரை எதிர்ப்பட்டது. அப்படையிற் சீக்கியரும் கூர்க்கரும் இருந்தனர். ஆங்கிலரின் மாக்சிம் துப்பாக்கிகளும் இருந்தன. சிறிது பொழுதில் 600-க்கு மேற்பட்ட திபெத்தியர் மடிந்தனர். தோற்ற அவர்கள் ஓடவில்லை. தலைகுனிந்து மெல்ல நடந்தே சென்றனர். நடந்து செல்வோர்மேலும் துப்பாக்கி சுட்டது. மாக்சிம் துப்பாக்கிகளை நடத்திய இளம் அதிகாரி, இயன்றவரை பலரை வீழ்த்துமாறு தளபதியின் கட்டளை இருந்தும், அக்கொலையைக் கண்டு மனம் நொந்து தாம் சுடுதலை நிறுத்திவிட்டதாகத் தம் கடிதத்தில் எழுதினார். கட்டைவிரலை எடுத்தால் இப்பொறி நின்றுவிடும் என்று மேலே கூறினோம். எடுக்க மனம் வரவேண்டியது பொறிக்கன்று.

இதனை இறந்துபட்ட காலத்துப் பொருள் என்று ஒதுக்குதற்கும் இடமில்லை. விக்கர்ஸை ஆங்கிலப் படையார் 1968-இல் விடுத்தனர். ஆனால் மாக்சிமின் 1910-ஆம் ஆண்டு ரஷிய அமைப்பு, உக்ரேன் நாட்டிற் கிடங்குகளிலிருந்து எடுத்துத் துடைக்கப்பட்டு, 2022-இல் மூண்ட பெரும்போரிலும் சுடுகின்றது. எண்ணெயிட்டு வைத்தால் இஃது எத்தலைமுறைக்கும் தொழில் செய்யும்.

அமெரிக்காவில் இதனை உடைமையாக்கிக் கொள்ளச் சட்டம் வழிவிட்டுள்ளது, வழி அகலமானதன்று. 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கைமாற்றத்தையும் அரசினரிடம் பதிந்து 200 டாலர் வரி செலுத்தல் வேண்டும். 1986-ஆம் ஆண்டு மே மாதத்திற்குப்பின் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைக் குடிமக்கள் பெயரிற் பதிவதும் நின்றது. அதனால் உள்ளவையே கைமாறுகின்றன. விலையோ பல்லாயிரம் டாலர். கென்டக்கி மாகாணத்து நாப் கிரீக் என்னுமிடத்தில் 2021 வரை இவர்கள் ஆண்டுதோறும் கூடிச் சுட்டனர். இங்கிலாந்தில் 1937-ஆம் ஆண்டுச் சட்டமே பொதுமக்கள் கையிலிருந்து இவற்றை விலக்கிவிட்டது. ஆதலின் அங்குள்ள ஆர்வலர் பெரும்பாலோர் குழலும் பூட்டும் அறுக்கப்பட்டுச் சுடும் ஆற்றல் அழிந்த துப்பாக்கிகளையே வைத்துப் பேணுகின்றனர்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் தெளிவு. அழுத்திய விசையை விடுமளவும் சுட்டுக்கொண்டேயிருக்கும் துப்பாக்கி, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் விலக்கப்பட்ட ஆயுதங்களுள் வைக்கப்பட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், நடுவணரசின் தனி அனுமதியின்றி அதனை வைத்திருப்பார்க்கு ஏழாண்டிற்குக் குறையாத சிறை உண்டு. 1878-இல் ஆங்கில அரசினர் இந்தியர் கையிலிருந்து படைக்கலத்தைப் பறிக்கச் செய்த சட்டத்தை நம் தலைவர் பலர் கண்டித்தனர் என்பது உண்மையே. எனினும் விடுதலை பெற்ற நாட்டார் தாமே செய்துகொண்ட இவ்விலக்கை யாம் குறையாகக் கருதவில்லை. துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் நெருங்கிய எங்கள் பகுதியில், எவனாவது ஒருவன் மாடியில் மாக்சிமை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கின்றான் என்ற எண்ணமே உறக்கத்தைக் கெடுக்கும். எம் வகுப்புத் தோழர் ஒருவர் இதற்கு உடன்படார். "பொருளைப் பேணுபவன் பொல்லாதவனாதல் அரிது" என்பது அவர் கட்சி. பேணுபவன் கையினின்றும் அது பிறர் கைக்குச் செல்லும் நாளை அவர் நினைப்பதில்லை.

கட்டுரையை எழுதி முடிக்குமுன் எம் பாட்டனாரை ஒன்று கேட்டோம். சட்டம் இடந்தந்து, எவரேனும் ஒரு மாக்சிமை அவர்க்கு இனாமாகக் கொடுத்தால் ஏற்பாரா என்பது கேள்வி. அவர் நெடுநேரம் எண்ணினார். பின்பு, "துப்பாக்கியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிப் பார்க்க ஆசைதான். வாரைக் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிவிடுவேன்" என்றார். "தாத்தா, அப்பொறியின் அழகெல்லாம் அவ்வாரை இழுப்பதற்கென்றே அமைந்ததாயிற்றே; வாரை நீக்கிவிட்டு எதனைப் பார்ப்பீர்கள்?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. எண்ணெய்க் குப்பியை எம் கையிற் கொடுத்து, வண்டியின் சங்கிலியை மெல்லச் சுழற்றலானார்.